'அதோ அப்பா வருகிறார்': ரவிவர்மா ஓவியத்தில் அப்பா எங்கே?

போடியில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளா. 130 வருஷத்துக்கு முன்னால் மலைக்கு இந்தப் பக்கம் மதராஸ் மாகாணம், அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே பல சமூகங்களில் 'குடும்பம்' என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம். அது தெரியாமல் பார்த்தால், ராஜா ரவிவர்மாவின் ஒரு பிரபலமான ஓவியம் பாதிதான் புரியும்.

ஓவியத்தில் என்ன இருக்கிறது?

1893ல் வரைந்த தைல வண்ண ஓவியம். பெயர் 'தேர் கம்ஸ் பப்பா', அதாவது 'அதோ அப்பா வருகிறார்'. வெள்ளை உடுத்திய இளம்பெண், கையில் குழந்தை, பக்கத்தில் ஒரு நாய். பார்வை இடது பக்கம் போகிறது. அப்பா மட்டும் படத்தில் இல்லை.

அந்தப் பெண் ரவிவர்மாவின் மூத்த மகள் மகாபிரபா. குழந்தை அவருடைய பேரன்.

இதில் என்ன விசேஷம்?

நாயர்கள், ரவிவர்மாவின் சொந்தக்காரர்களான அரச குடும்பங்கள் எல்லாம் அப்போது மருமக்கள்வழி. குழந்தைகள் அம்மா வீட்டுக்குச் சொந்தம். வீட்டுத் தலைவர் தாய்மாமன். சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். நாஞ்சில்நாட்டுத் தமிழர்களிடமும் இந்த முறை இருந்தது. அதைக் கேலி செய்துதான் கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார்.

அப்படிப்பட்ட வீட்டில் அப்பாவுக்காக எல்லோரும் காத்திருப்பது போல வரைந்தால்? மருமக்கள்வழி மங்கி, அப்பா-அம்மா-குழந்தை என்ற புதுக் குடும்பம் வருவதன் அடையாளம் இது என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். காலமும் பொருந்துகிறது. மூன்றே வருஷத்தில், 1896ல், மதராஸ் மாகாணத்தில் மலபார் திருமணச் சட்டம் வந்தது.

வேறு மாதிரியும் பார்க்கலாமா?

பார்க்கலாம். 'வருகிறார்' என்றால், அவர் அங்கேயே இருப்பவர் இல்லை என்றுதானே அர்த்தம்? ரவிவர்மாவும் அப்படிப்பட்ட அப்பாதான். 1866ல் மாவேலிக்கரை பாகீரதியைக் கல்யாணம் செய்தார். பிள்ளைகள் அம்மாவின் மாவேலிக்கரை வீட்டுக்காரர்கள். அவரோ ஓவியம் வரைய ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். வாசலைப் பார்த்து நிற்கும் மகளை வரைந்தவர், அதே வாசலில் வந்து போன அப்பா.

பிறகு என்ன ஆனது?

1895ல் மகாபிரபாவுக்கு சேது லட்சுமி பாய் பிறந்தார். திருவிதாங்கூர் அரச வம்சம் பெண் வழியில்தான் தொடர வேண்டும். அதற்காக 1900ல் அவரைத் தத்தெடுத்தார்கள். 1924 முதல் 1931 வரை மகாராஜாவுக்குப் பதிலாக ஆட்சி நடத்தியவர் அவர்தான். நாயர் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பிரிக்கவும், அப்பா சொத்து பிள்ளைகளுக்குப் போகவும் வழிவிட்ட சட்டம் 1925ல், அவருடைய ஆட்சியில்தான் வந்தது.

மருமக்கள்வழியால் அரியணைக்கு வந்தவரின் காலத்திலேயே, நாயர் வீடுகளில் அந்த முறை கலையத் தொடங்கியது. ஓவியத்தில் வாசலைப் பார்த்து நிற்பது, அவருடைய அம்மா.