ரூட்டுக்குப் பூட்டு... உள்ளே போவது எப்படி?

நாளைக்கு புராஜெக்ட் ரிவ்யூ. உபுண்டு சர்வர் இன்ஸ்டால் பண்ணி, டேட்டாவுக்காக இன்னொரு ஹார்ட் டிஸ்க்கும் சேர்த்தாச்சு. ரீ-ஸ்டார்ட் பண்ணினால் கறுப்புத் திரையில் 'எமர்ஜென்சி மோட்' என்று வருகிறது. கூடவே, 'ரூட் அக்கவுன்ட் பூட்டப்பட்டுள்ளது. கன்சோலைத் திறக்க முடியாது' என்று ஒரு வரி. என்டர் தட்டினால் மறுபடியும் அதே வரி!

டென்ஷனில் பென்டிரைவைச் சொருகி முதலிலிருந்து இன்ஸ்டால் பண்ணக் கிளம்பிடாதீங்க பாஸ். செய்து வைத்த வேலை அத்தனையும் காலியாகிடும்.

மேட்டர் இதுதான். எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் பண்ணணும் என்கிற பட்டியல், 'இடிசி' ஃபோல்டரில் 'எஃப்எஸ்டேப்' என்ற ஃபைலில் இருக்கு. அதில் ஒரு எழுத்து தப்பினாலும் சிஸ்டம் அந்த டிஸ்க்கைத் தேடி 90 நொடி காத்திருக்கும். கிடைக்கலைன்னா எமர்ஜென்சி மோடுக்குப் போய் ரூட் பாஸ்வேர்டு கேட்கும். ஆனால் 2004-ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே உபுண்டுவில் ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வைப்பதில்லை. எல்லாமே 'சூடோ' வழியாகத்தான். டெபியனிலும் இன்ஸ்டால் பண்ணும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் இதே கதைதான். சாவியே செய்யாத பூட்டு!

அப்போ எப்படி உள்ளே போறது? மெஷினை ரீ-ஸ்டார்ட் பண்ணுங்க. ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிச்சால் 'க்ரப்' மெனு வரும். யூஇஎஃப்ஐ மெஷின்னா எஸ்கேப். அங்கே 'இ' தட்டுங்க. 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'ஆர்ஓ' இருந்தால் 'ஆர்டபிள்யூ' ஆக்குங்க. வரிக் கடைசியில் 'இனிட்', சமக்குறி, 'ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் பாஷ்' என்று இடைவெளி விடாமல் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் கொடுங்க. பாஸ்வேர்டே கேட்காமல் ரூட் ஷெல் திறக்கும்.

'நானோ'வில் எஃப்எஸ்டேப்பைத் திறந்து, தகராறு பண்ணும் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் போடுங்க. சேவ் பண்ணி, 'சிங்க்' கொடுத்து, 'ரீபூட் மைனஸ் எஃப்' அடிச்சால் சர்வர் ரெடி. பிறகு அந்த டிஸ்க்கைச் சரியாகச் சேர்க்கும்போது 'நோஃபெயில்' என்ற ஆப்ஷனையும் போட்டுடுங்க. டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் நிற்காது.

சந்தோஷப்படும் முன்னாடி ஒரு நிமிஷம்! நீங்க நுழைஞ்ச இதே வழியில், கீபோர்டைத் தொட முடிகிற யார் வேண்டுமானாலும் நுழையலாம். க்ரப்புக்குப் பாஸ்வேர்டு போட்டால் இந்த வழி அடைபடும். ஆனால் டிஸ்க்கையே கழற்றி வேறு மெஷினில் மாட்டினால்? அதற்கு, இன்ஸ்டால் பண்ணும்போதே 'லக்ஸ்' என்க்ரிப்ஷனை டிக் பண்ணணும். கூடவே லேப் கதவுக்கும் ஒரு நல்ல பூட்டு!