சந்திரகிரி ராயரும் மூன்று நாயக்கர்களும்

திருப்பதிக்கு அருகே சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்று, பெனுகொண்டாவுக்கு ஒதுங்கிய விஜயநகர அரசு, இரண்டாம் வேங்கடபதி ராயர் (1586–1614) காலத்தில் இங்கே குடிபெயர்ந்தது. பின்னர் வேலூரும் அரசிருக்கையானது. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் மூவரும் ராயருக்குக் கப்பம் கட்டவேண்டியவர்கள். ஆனால் ராயரின் கை தளரத் தளர, மூவரும் தனியரசர்களாகவே நடந்துகொண்டார்கள்.

வேங்கடபதி தம் அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை வாரிசாக்கிவிட்டு இறந்தார். ராணியின் பிறந்த வீட்டாரான ஜக்கராயன் இதை ஏற்கவில்லை. ராணி தன் பிள்ளை என்று வளர்த்த சிறுவனுக்குப் பட்டம் கட்ட, ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு சிறைவைத்துக் கொன்றான். தப்பியது ராமதேவன் என்ற பிள்ளை மட்டுமே. ஸ்ரீரங்கர் பக்கம் நின்ற யாசம நாயக்கர் செய்த ஏற்பாட்டில், வண்ணார் ஒருவர் அவனை அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்தார் என்று போர்த்துகீசியப் பாதிரியார் பரதாஸ் 1616இல் எழுதிய கடிதம் சொல்கிறது.

இந்தப் பிள்ளைக்காகத் தமிழ்நாடே இரண்டுபட்டது. தஞ்சை ரகுநாத நாயக்கர் ராமதேவன் பக்கம் நின்றார். மதுரையும் செஞ்சியும் ஜக்கராயனோடு சேர்ந்தன. கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த போரில் ஜக்கராயன் மாண்டான். அவன் தம்பி எதிராஜன் விடாமல் சண்டையைத் தொடர்ந்தான். கடைசியில் ராமதேவன் அந்த எதிராஜனின் மகளையே மணந்து சமாதானமானான். தன் குடும்பத்தை அழித்த வீட்டிலேயே பெண்ணெடுக்கும் அளவுக்கு அந்த அரசு களைத்துப்போயிருந்தது.

1642இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ஸ்ரீரங்கர் திறமைசாலி. ஆனால் அவரை நம்ப யாருக்கும் மனமில்லை. 1638இல், அப்போது அரசராக இருந்த தம் நெருங்கிய உறவினருக்கு எதிராகவே பீஜப்பூர் சுல்தானின் படையை அழைத்துவந்தவர் அவர். நாயக்கர்களை மறுபடியும் அடக்க அவர் முனைந்தபோது, மூவரும் இரகசியமாகக் கைகோத்தார்கள். தஞ்சை நாயக்கர் பயந்துபோய்ச் சதியை ராயரிடமே சொல்லிவிட்டார் என்று ஜேசு சபைக் கடிதங்கள் கூறுகின்றன. ராயர் செஞ்சிமேல் படையெடுத்தார். உடனே மதுரைத் திருமலை நாயக்கர் கோல்கொண்டா சுல்தானுக்குத் தூது விட்டு, வேலூரைப் பின்புறமிருந்து தாக்கச் சொன்னார். திருமலை நாயக்கர் செய்த பிழைகளில் இதைவிடப் பெரியது இல்லை.

தங்கள் பகையைத் தீர்க்க வெளியாரை அழைப்பதில் பழைய கிரேக்க நகர அரசுகளும் இதே வழியில் சென்றவை. ஏதென்ஸை வீழ்த்த ஸ்பார்ட்டா கி.மு. 412–411இல் பாரசீகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. பாரசீகப் பணத்தில் கப்பல் கட்டி வென்றது. விலையாக, ஆசியக் கரையிலிருந்த கிரேக்க நகரங்கள்மீது பாரசீக மன்னருக்கு உள்ள உரிமையை ஒப்புக்கொண்டது. வென்று பத்தாண்டுகூட ஆகவில்லை, ஸ்பார்ட்டாவின் பழைய கூட்டாளிகளான கொரிந்தும் தீப்ஸும் ஏதென்ஸோடு சேர்ந்து அதன்மீதே போர் தொடுத்தன. அப்போது பாரசீகப் பணம் அவர்கள் பக்கம் பாய்ந்தது.

தமிழ்நாட்டிலோ, உதவிக்கு அழைக்கப்பட்டு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. கோல்கொண்டாத் தளபதி மீர் ஜும்லா சந்திரகிரிப் பகுதியைப் பிடித்துக்கொண்டு தெற்கே நகர்ந்தார். கலங்கிய திருமலை நாயக்கர் இம்முறை பீஜப்பூரை உதவிக்கு அழைத்தார். அந்தப் படையோ கோல்கொண்டாவோடு சமரசம் செய்துகொண்டு செஞ்சியை முற்றுகையிட்டது. 1640களின் முடிவில் செஞ்சி பீஜப்பூர் வசமானது. மதுரையும் தஞ்சையும் பீஜப்பூருக்குக் கப்பம் கட்டின. நாடிழந்த ஸ்ரீரங்கர் மைசூரிலும், பிறகு கெளதி நாயக்கர் சிவப்பரிடமும் அடைக்கலம் தேடினார். மீர் ஜும்லா சில ஆண்டுகளில் கோல்கொண்டாவையும் கைவிட்டு முகலாயர் பக்கம் போய்விட்டார்.