ஊசித்துளைகள் மறையுமா?

'குவில்ட்' எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலே சிறு துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு பெரிய துணி. இம்மூன்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது தையல். பல நாள் உழைத்த பிறகு ஒரு வரிசை கோணலாகப் போயிருப்பது தெரிந்தால் அதைப் பிரிக்கத்தான் வேண்டும். நூல் வந்துவிடும், ஆனால், அது இருந்த இடத்தில் எறும்பு வரிசைபோலச் சிறுசிறு துளைகள் நிற்கும். துணி கெட்டுவிட்டதென்று பலர் அப்போதே முடிவு கட்டிவிடுகின்றனர். அது அவசர முடிவு.

நெசவை உற்றுப் பார்த்தால் காரணம் புரியும். நெடுக்கே ஓடும் பாவு நூல்களும் குறுக்கே ஓடும் ஊடை நூல்களும் மாறிமாறிப் பின்னியதே துணி. பொருத்தமான ஊசி பெரும்பாலும் இந்நூல்களை விலக்கிக்கொண்டு நுழைகிறது. சந்தை நெரிசலில் ஒருவர் புகுந்து போனால் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டு, அவர் போனதும் மீண்டும் நெருங்கி நிற்பார்கள் அல்லவா? நூல்களும் அவ்வாறு நெருங்கக்கூடியவை. அவற்றுக்குச் சற்று உதவி தேவை. ஆனால், மழுங்கிய ஊசி நூலை அறுத்துவிடலாம். ஆகவே, முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் துளையைப் பாருங்கள். ஓரத்தில் நூல் முனைகள் துருத்திக்கொண்டிருந்தால், நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அறுந்த நூல் எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றுசேராது.

பிரிக்கும்போதே கவனம் வேண்டும். நூலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் துளை கிழிசலாகிவிடும். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போனால், மறுபக்கத்து நூல் எளிதில் கழன்று வரும்.

நூல் துணுக்குகளை எடுத்த பின், விரல் நகத்தால் துளைகளின் மேல் மெதுவாகக் கீற வேண்டும். முதலில் பாவின் திசையில். பிறகு ஊடையின் திசையில். கரண்டியின் பின்புறமும் இதற்கு உதவும். அடுத்து, நீர் தெளித்துச் சிறிது நேரம் விட வேண்டும். பருத்தி இழைகள் நீரை உறிஞ்சிப் பருக்கும்போது இடைவெளி குறையும். பாலியெஸ்டர் மிகக் குறைந்த நீரையே உறிஞ்சும் என்பதால் அதில் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. கடைசியாக, இஸ்திரிப் பெட்டியை அவ்விடத்தில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் நூல்கள் மறுபடியும் விலகலாம். நடுவில் இருப்பது பாலியெஸ்டர் பஞ்சாக இருந்தால் சூட்டையும் குறைக்க வேண்டும். இல்லையேல் பஞ்சு தட்டையாகிவிடும்.

நமக்குப் பழக்கமான பாத்தேக் துணி இவ்வளவு எளிதில் இணங்காது. மெழுகுக் கோடு தெளிவாக விழுவதற்காக அதற்கு நெருக்கமாக நெய்த துணியைத் தேர்ந்தெடுப்பர். நெருக்கமான நெசவில் நூல்கள் நகர இடம் குறைவு. துளை பளிச்சென்று தெரியும். இத்தகைய துணிக்கு மெல்லிய ஊசியே நல்லது. தையல் இயந்திர ஊசியில் 90 என்றிருந்தால் அதன் தண்டு 0.9 மில்லிமீட்டர் தடிமன். 70 என்றால் 0.7. வேறுபாடு அற்பமாகத் தோன்றும். நூறு துளைகள் வரிசையாக விழும்போது கண்ணே சொல்லிவிடும்.

பட்டிலோ துளைகள் மிக நீண்ட காலம் நிற்கும். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பட்டு உடைகள் பல, பின்னாளில் பிரித்து மாற்றித் தைக்கப்பட்டவை. நூல் போன பிறகும் நிற்கும் துளை வரிசையைக் கொண்டு, அவற்றின் பழைய தையல் எங்கே இருந்தது என்பதை அருங்காட்சியக ஆய்வாளர்கள் கண்டறிகின்றனர். தைப்பவருக்குத் தொல்லையானது அவர்களுக்குச் சான்று!

முதல் முயற்சியில் துளைகள் முழுவதும் மறையாவிட்டால் உடனே துணியை மாற்ற வேண்டியதில்லை. போர்வையைத் தைத்து முடித்து, சாயம் போகாதென்று உறுதி செய்துகொண்டு, ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். பருத்தி சற்றுச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் பல துளைகள் மறைந்துவிடும். நூல் அறுந்த இடம் மட்டும் அப்படியே இருக்கும். அதன்மேல் பூவோ இலையோ வெட்டி ஒட்டுத்துணியாகத் தைத்துவிடலாம்.