நாலாவதாக வந்தவருக்கு யார் பதில் சொல்வது?

1983 ஆகஸ்ட். வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் பான் அமெரிக்கப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. பளுதூக்கும் வீரர்கள் ஊக்கமருந்துச் சோதனையில் வரிசையாகச் சிக்கிய செய்தி பரவியதும், அமெரிக்கத் தடகள அணியில் ஒரு டஜன் பேர் களத்தில் இறங்காமலே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறினார்கள். அங்கே சோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜெர்மனியின் கொலோன் நகரத்து வேதியியலாளர் ஒருவர்.

இளம் வயதில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டியவர் அவர். பிறகு வேதியியலுக்கு வந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோதனைப் பொறுப்பு அவருடையது. சிறுநீரில் இருக்கும் ஸ்டீராய்டு எளிதில் ஆவியாகாது; ஆவியாகாததைக் கருவி படிக்காது. ஸ்டீராய்டோடு சேர்ந்து அதை ஆவியாக வைக்கும் வினைப்பொருள் ஒன்றை 1969-இல் அவர் அறிமுகப்படுத்தினார். சோதனைக் கூடங்களில் இன்றும் அதைத்தான் ஊற்றுகிறார்கள்.

அதைவிடப் பெரிய வேலை டெஸ்டோஸ்டீரோன். உடம்பே சுரக்கிற பொருளை ஊசியிலும் ஏற்றிக்கொண்டால் எது சொந்தம், எது கடன் என்று எப்படிச் சொல்வது? அதற்கு எபிடெஸ்டோஸ்டீரோன் என்று ஓர் இரட்டைப் பிறவி உண்டு. பெரும்பாலோர் சிறுநீரில் இரண்டும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். ஊசி போட்டால் முதலாவது எகிறும், இரண்டாவது ஏறாது. இரண்டாவதைப்போல ஆறு மடங்கைத் தாண்டினால் சந்தேகம் என்று வரம்பு வைத்தார்கள். பின்னாளில் அது நாலு மடங்கானது.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஒருவர்கூடச் சிக்கவில்லை என்பது அதிகாரபூர்வக் கணக்கு. அந்தப் போட்டிகளின் சிறுநீர் மாதிரிகளை இவர் தம் முறையில் தனியாகச் சோதித்துப் பார்த்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வரம்பைத் தாண்டி நின்றது. தங்கம் வென்றவர்களும் அதில் உண்டு. அப்போது டெஸ்டோஸ்டீரோன் தடைப் பட்டியலிலேயே இல்லை. ஒரு பதக்கமும் கைமாறவில்லை.

இந்தத் தொழிலைப் பற்றி எழுத உட்கார்ந்த எனக்கு அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. மருந்து தொடாமல் ஓடி, மூன்று பேருக்குப் பின்னால் வந்து, வெறுங்கையோடு வீடு திரும்பியவர் யார்?

வேதியியலாளருக்கு அவரைத் தெரியாது. அவர் மேசைக்கு வருவது எண் ஒட்டிய பாட்டில், பெயர் இருக்காது. அந்தப் பாட்டிலிலும் தேடுகிற பொருள்தான் அகப்படும். 2003-இல் ஒரு பயிற்சியாளர் பெயர் சொல்லாமல் அனுப்பிய ஊசிக்குழல் லாஸ் ஏஞ்சல்ஸ் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஒட்டியிருந்த சில துளிகளிலிருந்துதான் டிஎச்ஜி என்ற புது ஸ்டீராய்டு பிடிபட்டது. வழக்கமான சோதனையின்போதே சிதைந்துவிடுவதால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஊசிக்குழல் வராமல் போயிருந்தால்?

அதனால்தான் மாதிரிகளைப் பத்தாண்டு வரை உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். 2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் மாதிரிகளைப் புதிய முறைகளில் மறுபடி சோதித்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் சிக்கினார்கள். நாலாவதாக வந்த சிலருக்குப் பதக்கம் கிடைத்தது, பல ஆண்டுகள் கழித்து. அவர்கள் ஏற வேண்டிய மேடையை அதற்குள் பிரித்து எடுத்துப் போயிருந்தார்கள்.

பத்தாண்டுகூட வீரர்களின் தலைக்குமேல் தொங்கும் கத்தி என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. பத்து போதாது. புதிய கருவி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாதபோது பாட்டிலுக்கு மட்டும் ஏன் கெடு? ஒரு மனிதரின் இளமைக்கால உழைப்புக்கு ஈடாக உறைபெட்டியில் கொஞ்சம் இடம், அவ்வளவுதானே கேட்கிறோம்?

கொலோன் வேதியியலாளர் 1995-இல் ஆப்பிரிக்காவுக்குப் போகும் விமானத்திலேயே உயிர் விட்டார். மாஸ்கோவில் நாலாவதாக வந்தவர்களில் பெரும்பாலோர் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை.