கோட்டை காத்த நொச்சி

ஆடு கடிக்காத வேலி

புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய்க் கரையிலும் கிணற்று மேட்டிலும் நொச்சி தானாக மண்டிக் கிடக்கும். விரல் விரித்தாற்போல் ஐந்து இலை. மேல்புறம் பச்சை, அடிப்புறம் சாம்பல் பூசிய வெளுப்பு. ஒன்றைக் கிள்ளிக் கசக்கினால் காட்டமான வாடை உள்ளங்கையிலேயே தங்கிவிடும். அந்த வாடைக்கு ஆடு வாய் வைக்காது. கொல்லைக்கு வேலியாக நட்டது அதனால்தான்.

வேலி மட்டுமா? பழந்தமிழர் மதிலைக் காத்து நிற்கும் போருக்கே நொச்சித் திணை என்று பெயர் வைத்தார்கள். காவல் வீரர்கள் சூடியதும் இந்தப் பூவைத்தான். 2023-ல் தொல்லியல் துறை அகழாய்வு செய்த பொற்பனைக்கோட்டை நம் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் மண்மதிலைப் பார்த்தபோது எனக்கு அப்பத்தா வீட்டு வேலிதான் நினைவுக்கு வந்தது.

பயறுப் பானையும் பேறுகால அறையும்

அப்பத்தா பயறுப் பானையில் ஒரு அடுக்குப் பயறு, ஒரு அடுக்கு நொச்சி இலை என்று போடுவார். வண்டு அண்டாது. இலை நிழலில் சருகாகக் காய்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஈரமிருந்தாலும் பயறு பூசணம் பிடித்துவிடும்.

பிள்ளை பெற்றவளுக்கு நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில்தான் குளியல். அந்த அறை எரவாணத்தில் ஒரு கொத்தைச் செருகி, "காத்து கருப்பு அண்டாதுடி" என்பார். கருப்பு ஓடியதோ இல்லையோ, பூச்சி பொட்டு ஒதுங்கியிருக்கும். பிள்ளையார் சதுர்த்திக்குச் சாத்தும் 21 பத்திரங்களில் நொச்சியும் ஒன்று.

ஆவி பிடிக்கும்போது

சளி, மூக்கடைப்பு, தலைபாரத்துக்கு நொச்சி ஆவி இதம் தரும். காய்ச்சலின் காரணத்தை அது தீர்க்காது. கொதிக்கும் பானையைப் போர்வைக்குள் இழுத்து வெந்துபோகிறவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். சாறு, கஷாயம் என்று உள்ளுக்குச் சாப்பிடுவதானால் சித்த மருத்துவரைக் கேளுங்கள், கர்ப்பிணிகள் கட்டாயமாக.

காய்ச்சல் டெங்குவாக இருந்தால், ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. காய்ச்சல் இறங்கியதும் வீடு நிம்மதியாகும். ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். விடாத வயிற்றுவலி, அடுத்தடுத்து வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை நீங்களாக விழுங்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

கொசுவும் தொட்டியும்

சென்னை மாநகராட்சி கொசுவை விரட்ட நொச்சிக் கன்றுகளை வீடுகளுக்குக் கொடுத்தது. ஆனால் செடி சும்மா நின்றால் பெரிதாகப் பயனில்லை. இலையைக் கசக்கினாலோ புகைத்தாலோதான் அந்த எண்ணெய் வாடை கிளம்பும். சாயங்காலப் புகை கொஞ்ச நேரம் கொசுவை விலக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கோ மூச்சு முட்டும். டெங்குக் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். அது முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில்; முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தொட்டி, குடம், டயரைக் கவிழ்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான்.

போன மழைக்கு நானும் மாடியில் நொச்சித் தொட்டி வைத்தேன். தொட்டிக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒருநாள் குனிந்து பார்த்தால், அந்தத் தட்டில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.