அம்மம்மாவின் அடையாள அட்டையும் ஸ்டெட்டிக் முறையும்

வாழைச்சேனையில் மாலை வேளைகளில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தகவல் தொழினுட்பம் சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்திட்டத்தில் இருக்கும் பைதன் மொழியைப் பரீட்சைக்காக மட்டும் படிக்காமல் பயன்படுத்தியும் பார்க்கட்டும் என்று, ஒருமுறை ஒரு வேலை கொடுத்தேன். தங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டை ஒரு நிரலாக எழுதி வரவேண்டும்.

ஒரு மாணவி நன்றாகவே எழுதியிருந்தாள். ஆனால் முகம் வாடியிருந்தது. “சேர், எங்கட அம்மம்மாவ இது சேர்க்குதில்ல” என்றாள். 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது அம்மம்மாவின் அடையாள அட்டை தொலைந்துவிட்டது. இலக்கம் அவருக்கு முழுதாக நினைவில்லை. இலக்கம் இல்லாதவரை அங்கத்தவராக ஏற்க அந்த நிரல் மறுத்தது.

அவளுடைய பிழையை விளக்கப் போனபோதுதான், பிள்ளைகள் பலருக்கும் குழப்பமாக இருந்த ‘ஸ்டெட்டிக் முறை’ என்ற விடயத்தைச் சொல்ல எனக்கு ஒரு வழி கிடைத்தது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ‘வகுப்பு’ என்பது அச்சடித்த வெற்றுப் படிவம் போன்றது. அதில் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கட்டிய சந்தா என்று இடங்கள் இருக்கும். ஒருவருடைய விபரங்களை இட்டு நிரப்பிய படிவம்தான் ‘பொருள்’. நூறு அங்கத்தவர் இருந்தால் படிவம் ஒன்று, பொருள்கள் நூறு.

அந்தப் பொருளைக்கொண்டு செய்யும் வேலைகளை ‘முறை’ என்கிறோம். “இவர் எவ்வளவு சந்தா பாக்கி?” என்பது ஒரு முறை. இதற்கு ஓர் ஆள் வேண்டும். யாருடைய பாக்கி என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. ஆகவே இது சாதாரண முறை. பைதனில் இத்தகைய முறையின் முதல் இடத்தில் ‘செல்ஃப்’ என்று எழுதுவது இந்த ஆளைக் குறிக்கத்தான்.

இப்போது வேறொரு கேள்வி. “இந்த அடையாள அட்டை இலக்கம் சரியான வடிவில் இருக்கிறதா?” இதற்கு எந்த அங்கத்தவரும் தேவையில்லை. இலக்கத்தையும் விதியையும் தந்தால் போதும். இப்படி எந்தப் பொருளையும் நாடாமல், வகுப்பின் பெயரைச் சொல்லியே அழைக்கக்கூடிய முறைதான் ஸ்டெட்டிக் முறை. ஜாவா நிரல் தொடங்கும் ‘மெயின்’ முறையும் வழக்கமாக ஸ்டெட்டிக்தான். நிரல் தொடங்கும் நேரத்தில் பொருள் எதுவும் பிறந்திருக்காது அல்லவா?

நமது அடையாள அட்டையின் விதியையே எடுத்துப் பார்ப்போம். பழைய இலக்கத்தில் 9 எண்களும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் 2 எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த 3 எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளுடன் 500ஐக் கூட்டியிருப்பார்கள். 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கத்தில் 12 எண்கள் உள்ளன. அதில் ஆண்டு 4 எண்களில் வருகிறது.

ஓர் இலக்கம் 85561 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு 1985. 561 என்பது 500க்கு மேல் என்பதால் பெண். 500ஐக் கழித்தால் 61ஆவது நாள். 1985 லீப் வருடம் அல்ல என்பதால், கணினியிடம் அதன் 61ஆவது நாளைக் கேட்டால் மார்ச் 2 என்று சொல்லும். ஆனால் அவர் பிறந்தது மார்ச் 1. அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள்தான். இது தெரியாமல் எழுதிய நிரல், லீப் அல்லாத ஆண்டுகளில் பெப்ரவரிக்குப் பின் பிறந்த எல்லோருக்கும் பிறந்த திகதியை ஒரு நாள் தள்ளிக் காட்டும்.

இந்தக் கணக்கை ஒரேயொரு ஸ்டெட்டிக் முறைக்குள் வைத்திருந்தால், அங்கே ஒரு வரியைத் திருத்தினால் போதும். பத்து இடத்தில் பிரதி செய்து வைத்திருந்தால் பத்தையும் தேடவேண்டும். ஒன்று நிச்சயம் விடுபடும்.

ஆனால் ‘ஸ்டெட்டிக்’ என்ற சொல்லை மாறிகளுக்கும் பயன்படுத்தலாம் என்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. முன்பு நான் எழுதிய ஒரு பதிவேட்டில், கட்டிய சந்தாத் தொகையை வகுப்பு முழுவதுக்கும் பொதுவான மாறியில் வைத்துவிட்டேன். ஒருவர் 500 ரூபா கட்டினார். உடனே ஊரே 500 ரூபா கட்டியதாகத் திரையில் தெரிந்தது. பொதுவான மாறி ஒன்றுதான் இருக்கும். யார் தொட்டாலும் எல்லோருக்கும் மாறும். ஆளுக்கு ஆள் வேறுபடுவதைப் பொருளுக்குள்தான் வைக்கவேண்டும்.

எனவே பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு முறையை எழுதுமுன் “இதற்கு யாருடையது என்று தெரியவேண்டுமா?” என்று கேளுங்கள். வேண்டும் என்றால் சாதாரண முறை. வேண்டாம், விதி மட்டும் போதும் என்றால் ஸ்டெட்டிக் முறை.

இனி அம்மம்மாவின் கதைக்கு வருவோம். மாணவியின் சரிபார்க்கும் முறை சரியாகவே இருந்தது. அதை வைத்த இடம்தான் பிழை. அங்கத்தவர் என்ற பொருளை உருவாக்கும் இடத்திலேயே அதை வைத்து, இலக்கம் சரியில்லை என்றால் ஆளையே உருவாக்காமல் விட்டிருந்தாள். ஸ்டெட்டிக் முறைக்கு விதி மட்டுமே தெரியும். எதிரில் நிற்பவர் யார், அவருடைய அட்டை எப்படித் தொலைந்தது என்பது அதற்குத் தெரியாது. “இந்த இலக்கத்தின் வடிவம் சரி” என்று மட்டும் அது சொல்லும். வடிவம் சரியாக இருப்பதால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று ஆகிவிடாது. இலக்கம் இல்லாததால் ஒருவர் இல்லை என்றும் ஆகிவிடாது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் நாட்டு மென்பொருளாளர்கள் ‘சஹானா’ என்ற இலவச அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமற்போனோரைத் தேடும் பதிவேடும் அதில் ஒரு பகுதி. எல்லாவற்றையும் இழந்தவர்களைப் பதியும் இடத்தில் முதல் கேள்வியே அட்டை இலக்கமாக இருந்தால், பதிவேடு யாருக்குத் தேவையோ அவர்களே வெளியில் நிற்பார்கள்.

மாணவி இரண்டு மாற்றங்கள் செய்தாள். அடையாள அட்டை இலக்கம் வெறுமையாக இருக்கலாம் என்றாக்கினாள். இலக்கம் இருந்தால் மட்டும் ஸ்டெட்டிக் முறையை அழைத்து, பிழை என்றால் “மீண்டும் பார்க்கவும்” என்று ஒரு குறிப்பு இடச் செய்தாள். பிறகு அம்மம்மாவின் பெயரைத் தட்டினாள். இந்த முறை நிரல் மறுக்கவில்லை.