பிக்கப் வண்டிக்கு உயரும் கூரையுள்ள கூண்டைத் தெரிந்தெடுக்கும் விதம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பாகங்களில் கால்நடை வளர்ப்போரும் பெருநிலக்காரரும் வீட்டுக்கு வெகு தூரத்திலுள்ள மேய்ச்சல் நிலங்களில் பல இரவுகள் தங்கும்படி நேரிடுகிறது. 1880-ஆம் ஆண்டுகளிலேயே வயோமிங் பிரதேசத்து ஆட்டு மந்தைக்காரர்கள் கித்தான் கூரையும், உள்ளே ஓர் அடுப்பும் படுக்கையும் அமைந்த குதிரை வண்டிகளை உபயோகித்து வந்தார்கள். பிற்காலத்தில் அவ்வேலைக்குப் பிக்கப் மோட்டார் வண்டியும் வந்து சேர்ந்தது. அதன் பின்தொட்டியின்மீது ஒரு கூண்டை ஏற்றி, ஓடும்போது கூரையைத் தாழ்த்தியும், நிறுத்தியபின் ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு உயர்த்தியும் வைத்துக்கொள்ளுகிறார்கள். இதற்கு அங்கே 'பாப்-டாப்' என்று பெயர். உல்லாசப் பிரயாணிகளே இதை அதிகமாக வாங்குகிறார்களாயினும், நிலத்தில் இராத்தங்க வேண்டியவருக்கும் இது மிகவும் ஏற்றது. நம் நாட்டிலும் பிக்கப் வண்டியுள்ள குடியானவர்கள் பெருகியிருப்பதால், அந்நாட்டார் இவ்விஷயத்தில் கைக்கொள்ளும் கணக்கை இங்கே எழுதுகிறோம்.

வாங்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது படுக்கையின் அகலத்தையும் அலமாரிகளின் எண்ணிக்கையையுமே. முதலில் விசாரிக்க வேண்டியதோ எடை. அமெரிக்காவில் விற்கப்படும் பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை ராத்தலுக்கு மேற்படலாகாது என்று அதில் கண்டிருக்கும். 'அரை டன்', 'முக்கால் டன்' என்று அவ்வண்டிகளை அழைப்பது பழைய வழக்கத்தால் வந்த பட்டப்பெயரேயன்றி, உண்மையில் தாங்கும் பாரத்தைக் குறிப்பதன்று. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு வண்டிகளுக்குங்கூட, அதிகப்படியாகச் சேர்த்த உபகரணங்களுக்குத் தக்கவாறு இத்தொகை வேறுபடும். ஆகையால் விளம்பரப் புஸ்தகத்தில் கண்ட தொகையை நம்பாமல், தம் வண்டியின் கதவிலுள்ள தொகையையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உதாரணமாக, சீட்டில் 1,400 ராத்தல் என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுவோம். (ஒரு ராத்தல் சுமார் 0.45 கிலோ.) இரண்டு ஆட்கள் 340 ராத்தல், உள்சாமான் இல்லாத கூண்டு 800, அந்நாட்டுக் காலன் கணக்கில் 20 காலன் தண்ணீர் 167, மெத்தை, அடுப்பு, மின்கலம் ஆகியவை 150, உணவும் துணியும் கருவிகளும் 100. ஆக மொத்தம் 1,557. அனுமதித்த பாரத்துக்குமேல் 157 ராத்தல் ஏறிவிட்டது. இன்னும் ஒரு கட்டு வேலிக்கம்பிகூட ஏற்றவில்லை. பெட்ரோலின் எடை சீட்டிலுள்ள தொகையில் முன்பே கழிக்கப்பட்டிருப்பதால் அதை மறுபடி கூட்ட வேண்டியதில்லை.

கால்நடைகளை ஏற்றும் இழுவண்டியைப் பின்னால் பூட்டுவோர் இதைவிட ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். சாதாரண இழுவண்டி தன் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கை முன்வண்டியின் கொக்கியில் சுமத்துகிறது. 5,000 ராத்தல் இழுவண்டியானால் 500 முதல் 750 ராத்தல் வரை அந்த 1,400-க்குள்ளேயே அடங்க வேண்டும். மேலும், தொட்டியின் நடுவில் கொக்கி வைத்து இழுக்கும் பெரிய வகை வண்டியைக் கூண்டு ஏற்றிய பிக்கப்பில் பூட்டவே இயலாது.

மிகுதியான பாரத்தால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்விளக்கின் வெளிச்சம் எதிரே வருவோர் கண்ணில் அடிக்கும். தடை பிடித்து நிறுத்தும் தூரம் நீளும். வெயில்காலத்தில் சக்கரத்தின் ரப்பர் சூடேறி வெடிக்கும். பட்டை வில்லுக்குத் துணையாக மற்றொரு வில்லைச் சேர்த்துவிட்டால் பாரம் தாங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதனால் வண்டியின் பின்புறம் நிமிருமேயல்லாமல், அச்சும் தடையும் பலம் பெறுவதில்லை. சீட்டிலுள்ள தொகையும் மாறுவதில்லை. தண்ணீர்ப் பீப்பாய் போன்ற கனமான பொருள்கள் பின் அச்சுக்கு முன்னே இருக்கும்படி வைத்தல் அவசியம்.

எடை சரிப்பட்டபின், கூரையை உயர்த்தும் முறையைப் பார்க்க வேண்டும். சில கூண்டுகளில் முன்னும் பின்னும் உள்ள மடிப்புப் பலகைகளைக் கையால் தள்ளி உயர்த்துகிறார்கள். சிலவற்றில் வாயு அடைத்த தண்டுகள் துணை செய்கின்றன. சிலவற்றில் மின்சார மோட்டார். எளிய முறையே நலமென்பது நமது அபிப்பிராயம். காட்டில் மோட்டார் பழுதானால் செப்பனிடுவார் எவருமில்லை. குளிரில் வாயுத்தண்டின் பலம் குறையும். கூரைமேல் சூரிய மின்பலகைகள் பதிக்க உத்தேசமிருந்தால் அதை முன்கூட்டியே செய்வோரிடம் சொல்லி, அதற்குத் தக்க தண்டுகளைப் போடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு கூரையைத் தூக்க இருவர் தேவைப்படும். கூரை தாழ்ந்தே ஓடுவதால் காற்றின் எதிர்ப்பும் பெட்ரோல் செலவும் குறைவதோடு, தோப்புகளில் கிளைகளும் இடிப்பதில்லை.

உயரும் பாகத்தின் பக்கங்கள் கித்தானாலாவது மெழுகுசீலை போன்ற பூச்சுத் துணியாலாவது ஆனவை. பருத்திக் கித்தானில் காற்று ஓடும், ஆனால் நனைந்தால் சீக்கிரம் உலராது; பூச்சுத் துணி மழைக்கு நல்லது, ஆனால் உள்ளே தூங்குவோரின் மூச்சுக்காற்று அதில் நீராய்த் துளிர்க்கும். எத்துணியானாலும் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பூக்கும். கூரையில் ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாகக் காற்றுவழிகள் இருப்பது தகும். உள்ளே வாயு அடுப்பு எரிப்பவர்களுக்கு இது வெறும் ஸௌகரியமன்று, உயிர் விஷயம்: அடைத்த கூண்டில் உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. அதை அறிவிக்கும் மணியொன்றைப் படுக்கைக்கு அருகில் அமைக்காமல் உள்ளே அடுப்பு மூட்டலாகாது.

சட்டம் மரத்தாலானதா, அலுமினியத்தாலானதா என்பதும் முக்கியமானது. மரம் மலிவு; ஆனால் ஒரு மூட்டில் நீர் புகுந்தால் வெளியே தெரியாமலே உளுத்துப்போகும். அலுமினியம் இலேசானது, உளுக்காது. இரும்பு மறையாணி படும் இடங்களில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் மட்டும் அரிக்கும். உர மூட்டைகள் ஏற்றும் வண்டியானால் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளையும், இடையில் ரப்பர் வில்லைகளையும் கேட்டு வாங்க வேண்டும். கூண்டைத் தொட்டியோடு பிணைக்கும் இடமும் பலமாயிருக்க வேண்டும். ஃபோர்டு எஃப்-150 வண்டிக்கு 2015-ஆம் வருஷ மாதிரி முதல் அலுமினியத் தொட்டியும், டொயோட்டா டகோமாவுக்கு 2005 முதல் கூட்டுப்பொருள் தொட்டியும் வந்திருப்பதால், ஆணிக்கு அடியில் அகன்ற தகடு வைத்து இறுக்காவிட்டால் மேட்டுப்பள்ளத்தில் துளை கிழியும்.

நம் நாட்டில் இவ்வேலையை உத்தேசிப்போர் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை நினைவில் வைக்க வேண்டும். பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள், வண்டி செய்தோர் குறித்த விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியைத் திருத்துதல் அதனால் தடுக்கப்பட்டுள்ளது. பதிவு அதிகாரியை முன்னதாகக் கேட்டறியாமல் பட்டறையில் முன்பணம் கொடுக்கலாகாது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதைக் கேட்போருக்கு எடுத்துச் சொல்லுவது நலம்.

அளவெடுத்துச் செய்விக்கும்போது, உள்சாமான் இல்லாத வெறுங்கூண்டாக வாங்குவதே குடியானவருக்கு ஏற்றதென்று தோன்றுகிறது. பணமும் எடையும் மிச்சப்படும். பகலில் தீவன மூட்டை ஏற்றலாம். ஒரு பருவம் தங்கிப் பார்த்தபின் எங்கே பெட்டி வேண்டும், எங்கே பலகை வேண்டும் என்பது தானே விளங்கும். தொட்டியின் நீளம் சுமார் ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டடி என்று பலவகைப்படுவதால், அளவை நேரில் எடுக்கச் செய்ய வேண்டும். கருவிகள் எடுக்கப் பக்கத்தில் ஒரு கதவு வைத்தால் பின்புறத்தில் ஏறி இறங்கும் சிரமம் குறையும்.

ஒப்பந்தத்தில் விலையோடு முடிந்த கூண்டின் எடையையும் எழுதி வாங்க வேண்டும். செய்வோர் வாயால் சொல்லும் எடையில் கதவும் ஜன்னலும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்பது அவசியம். அந்நாட்டில் தானியக் கிடங்குகளிலுள்ள எடைமேடையில் வெறும் வண்டியை ஒருமுறையும், கூண்டு ஏற்றித் தண்ணீர் நிரப்பி ஆட்கள் அமர்ந்தபின் மறுமுறையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். அச்சுக்கு அச்சு தனியாக நிறுத்தால் பின் அச்சின் பாரமும் தெரிந்துவிடும். பாக்கிப் பணத்தை அச்சீட்டு கையில் வந்தபின் செலுத்துவது உசிதம்.